பழைய கல்யாண டிவிடியும் கைப்பேசி வீடியோவும்: இடைநிலைக் கோடெக் வழியாக மாற்றும் முறை

வீட்டில் அறுபதாம் கல்யாணம் வருகிறது, ஒரு வீடியோ தொகுத்துத் தரச் சொல்கிறார்கள். முதல் கல்யாணத்தின் டிவிடி ஒன்று இருக்கிறது. பேரன் பேத்திகள் கைப்பேசியில் எடுத்தவை சில, வெளிநாட்டு உறவினர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாழ்த்துகள் சில. எல்லாவற்றையும் எடிட்டிங் மென்பொருளில் இழுத்துப் போட்டால் ஒன்றில் ஒலி பிந்துகிறது, ஒன்றில் கை அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிகின்றன, ஒன்று திறக்கவே மறுக்கிறது. இந்த வேலையில் நான் பட்ட பாடு நீங்கள் படவேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வீடியோ எடிட்டிங் ஓரளவு தெரிந்து, கோடெக் (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை) விவகாரத்தில் மட்டும் தடுமாறுபவர்களை மனத்தில் வைத்து எழுதியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூலக் கோப்புக்கும் இறுதி வெளியீட்டுக்கும் நடுவில், எடிட்டிங்குக்காகப் பயன்படுத்தும் இடைநிலைக் கோடெக் எதுவும் படத்தின் தரத்தைக் கூட்டாது. மங்கலான டிவிடி மங்கலாகவே இருக்கும். இருக்கிற தரம் கைமாறும் ஒவ்வொரு கட்டத்திலும் குறையாமல் காப்பது மட்டும்தான் அதன் வேலை.

1. இது உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள்

கைப்பேசியும் டிவிடியும் பயன்படுத்தும் எச்.264, எச்.265, எம்பெக்-2 ஆகியவை இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக உருவானவை. சில ஃப்ரேம்களை மட்டும் முழுமையாகச் சேமித்து, மற்றவற்றில் என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொள்கின்றன. மொய் நோட்டில் ஒரு ஊரின் பெயரை ஒருமுறை எழுதிவிட்டு அடுத்தடுத்த வரிகளில் 'மேற்படி, மேற்படி' என்று போடுவார்களே, அந்த முறைதான். நடுவில் ஒரு வரியை மட்டும் பார்த்தால் எந்த ஊர் என்று தெரியாது; மேலே போய்ப் பார்த்து வரவேண்டும். எடிட்டிங் மென்பொருளும் நீங்கள் ஓர் இடத்தில் வெட்டும்போதெல்லாம் இப்படித்தான் பின்னோக்கி ஓடுகிறது. புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர், சினிஃபார்ம் போன்ற இடைநிலைக் கோடெக்குகளில் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்து நிற்கும். கோப்பு பெரிதாகும், வேலை எளிதாகும்.

ஆனால் எல்லோருக்கும் இது வேண்டியதில்லை.

கன்டெய்னர் (படத்தையும் ஒலியையும் பொதிந்து வைக்கும் கோப்பு உறை) மட்டும் பொருந்தவில்லை என்றால், உதாரணமாக எம்கேவி கோப்புக்குள் எச்.264 இருந்து உங்களுக்கு எம்பி4 வேண்டுமென்றால், 'ரீவிராப்' செய்தாலே போதும். படத்தை மறுபடி சுருக்காமல் உறையை மட்டும் மாற்றும். சில நொடிகளில் முடியும், தரம் இம்மியும் குறையாது. இதற்குப் போய் மணிக்கணக்கில் மாற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒருமுறை மாற்றி அதோடு முடிந்தது என்றாலும் இடைநிலை வேண்டாம். மூலத்திலிருந்து நேராக இறுதி வடிவத்துக்குப் போங்கள்.

கணினி திணறுவது மட்டும்தான் சிக்கல் என்றால் 'பிராக்ஸி' எனப்படும் சிறிய நகல்களை வைத்து எடிட் செய்து, கடைசியில் மூலக் கோப்புகளிலிருந்து வெளியீடு எடுக்கலாம். டாவின்சி ரிசால்வ் உட்படப் பல மென்பொருள்களில் இந்த வசதி உள்ளது.

பல வகைக் கோப்புகளை ஒன்றுசேர்க்க வேண்டும், ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்ப வேண்டும், வண்ணம் திருத்த வேண்டும், கோப்பு திறக்கவே இல்லை என்றால் இடைநிலைக் கோடெக் வேண்டும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பை லினக்ஸில் பயன்படுத்துபவர்களுக்குக் கைப்பேசியின் எச்.264 கோப்புகளே சிக்கல். அவர்களுக்கு இது தவிர்க்க முடியாத படி.

2. தேவையானவற்றைச் சேகரியுங்கள்

மூலக் கோப்புகள் எவ்வளவு முதல் கைப்பதிப்பாக இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது. உறவினர்களிடம் வீடியோவை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாதீர்கள். அது மறுபடி சுருக்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். 2 ஜிபி வரை மூலக் கோப்பு அப்படியே வந்து சேரும். இதை அத்தைகளுக்கும் மாமாக்களுக்கும் விளக்குவதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி. யாரோ ஒருவர் வீட்டிலிருக்கும் கல்லூரிப் பிள்ளையிடம் ஒப்படைப்பது நல்லது.

டிவிடி என்றால் முதல் வேலை அதை ஹார்ட் டிஸ்கில் ஏற்றுவது. வீட்டில் எழுதிய டிவிடிகள் காலப்போக்கில் படிக்க முடியாமல் போகும். உள்ளே 1 ஜிபி அளவில் துண்டு துண்டாக விஓபி கோப்புகள் இருக்கும். அவற்றைத் தனித்தனியாக மாற்றினால் இணையும் இடங்களில் ஒலி வெட்டுப்படும், சில நேரம் ஒரு சொல்லே காணாமல் போகும். மேக்எம்கேவி என்ற மென்பொருளால் ஒவ்வொரு தலைப்பையும் ஒரே எம்கேவி கோப்பாக எடுத்துவிடுங்கள். இதில் மறுசுருக்கம் நடப்பதில்லை.

டிவிடி எழுதப்பட்ட மூல டேப் கிடைக்குமா என்று ஸ்டூடியோவில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நான் கேட்டபோது, டேப்பை எப்போதோ அழித்து வேறு கல்யாணத்துக்குப் பயன்படுத்திவிட்டோம் என்று சற்றும் கூச்சமின்றிச் சொன்னார்கள். மினி டிவி (Mini DV) என்ற சிறிய டிஜிட்டல் கேமரா டேப் கிடைத்தால் அதிர்ஷ்டம்: ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி பிடிக்கும் அதன் டிவி (DV) கோடெக்கில் ஏற்கெனவே ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்துத்தான் இருக்கிறது. எடிட்டிங் மென்பொருள் அதைத் திறந்தால் அப்படியே பயன்படுத்துங்கள்.

மென்பொருளுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. கோப்பை ஆராய மீடியாஇன்ஃபோ, மாற்றுவதற்கு ஷட்டர் என்கோடர், இறுதி வெளியீட்டுக்கு ஹேண்ட்பிரேக்; மூன்றும் இலவசம். ஷட்டர் என்கோடருக்குள் இயங்குவது எஃப்எஃப்எம்பெக் என்ற நிரல்தான். கட்டளை வரி பழக்கமுள்ளவர்கள் அதை நேரடியாகவே ஓட்டலாம். இணையத்தில் கோப்பை ஏற்றி மாற்றித் தரும் தளங்களைத் தவிர்த்துவிடுங்கள். அளவுக் கட்டுப்பாடு ஒருபுறம், வீட்டு வீடியோவை முகம் தெரியாதவர்களிடம் கொடுப்பது மறுபுறம்.

'மூலம்', 'இடைநிலை', 'வெளியீடு' என்று மூன்று ஃபோல்டர்கள் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு கைப்பேசிகள் ஒரே கோப்புப் பெயரை வைப்பது சகஜம். அனுப்பியவர் பெயரைக் கோப்புப் பெயரின் முன்னால் சேர்த்துவிட்டால் ஒன்றின்மேல் ஒன்று பதிந்து அழியாது.

3. ஒவ்வொரு கோப்பையும் ஆராய்ந்து எழுதிக்கொள்ளுங்கள்

மீடியாஇன்ஃபோவில் கோப்பைத் திறந்தால் நீளமான பட்டியல் வரும். அதில் ஐந்தே ஐந்தைப் பாருங்கள்: ஃப்ரேம் வேகம், அந்த வேகம் நிலையானதா மாறுவதா, ஸ்கேன் வகை (ஃப்ரேம் முழுதாக இருக்கிறதா, இரண்டு பாதிகளாகவா), பிட் ஆழம் (நிறச் சாயல்களின் நுணுக்கம்), ஒலியின் மாதிரி வேகம் (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்பட்டது). ஒரு தாளில் கோப்புக்கு ஒரு வரியாக எழுதி வைத்துக்கொண்டால் ஆறாம் படியில் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்யலாம்.

நம் நாட்டு டிவிடியில் பெரும்பாலும் 720க்கு 576 அளவு, நொடிக்கு 25 ஃப்ரேம், 'இன்டர்லேஸ்டு' என்று வரும். கைப்பேசியில் 30 என்று போட்டு, பக்கத்தில் 'வேரியபிள்' என்று இருக்கும். புதிய ஐபோனில் எடுத்தது என்றால் 10 பிட், எச்எல்ஜி என்று வரலாம். ஒளிக்கும் இருளுக்கும் இடையே கூடுதல் வீச்சுள்ள எச்டிஆர் வீடியோவின் ஒரு வகை இது. வாட்ஸ்அப்பில் வந்தவை எப்படி வேண்டுமானாலும் இருக்கும்.

4. கோடெக்கைத் தேர்ந்தெடுங்கள்

இதில் அதிகம் யோசிக்க வேண்டாம். மேக் கணினி என்றால் புரோரெஸ். விண்டோஸ், லினக்ஸ் என்றால் டிஎன்எக்ஸ்எச்ஆர். இன்றைய எடிட்டிங் மென்பொருள்கள் பெரும்பாலும் இரண்டையும் எல்லாக் கணினிகளிலும் படிக்கும் என்பதால், தவறாகத் தேர்ந்தாலும் குடி முழுகாது.

புரோரெஸில் பல தரங்கள் உள்ளன. வீட்டு வேலைக்கு '422' என்ற நடுத்தரமே தாராளம். 'எச்க்யூ' எடுத்தால்தான் நல்லது என்று நண்பர்கள் சொல்வார்கள். கைப்பேசி வீடியோவிலும் டிவிடியிலும் அந்தக் கூடுதல் இடத்தை நிரப்பும் அளவுக்கு விவரமே இல்லை. டிவிடிக்கு 'எல்டி' கூடப் போதும்.

டிஎன்எக்ஸ்எச்ஆரில் ஒரு பொறி இருக்கிறது. 'எஸ்க்யூ', 'எச்க்யூ' இரண்டும் 8 பிட். 10 பிட் வேண்டுமென்றால் 'எச்க்யூஎக்ஸ்' எடுக்கவேண்டும். பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் கவனிக்காமல் எச்க்யூவில் மாற்றிவிட்டு, வானத்தில் படிப்படியாகப் பட்டை விழுகிறதே என்று பிறகு புலம்பவேண்டி வரும். பழைய டிஎன்எக்ஸ்எச்டி என்பதையும் எடுக்காதீர்கள். அது குறிப்பிட்ட சில அளவுகளையும் ஃப்ரேம் வேகங்களையும் மட்டுமே ஏற்கும். செங்குத்தாக எடுத்த கைப்பேசி வீடியோ அதில் நுழையாது.

இழப்பே இல்லாத எஃப்எஃப்வி1 பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆவணக் காப்பகங்கள் விரும்பும் கோடெக் அது; அதன் விவரக்குறிப்பு 2021இல் ஆர்எஃப்சி 9043 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியானது. விஎச்எஸ் டேப்பிலிருந்து பதிவுசெய்ததை நெடுங்காலம் பாதுகாக்க அருமையானது. எடிட்டிங்குக்கு வேண்டாம், பெரும்பாலான எடிட்டிங் மென்பொருள்கள் திறக்காது.

5. இடத்தையும் நேரத்தையும் கணக்கிடுங்கள்

உண்மையான செலவு இங்கேதான். நொடிக்கு 25 ஃப்ரேம் கணக்கில், ஒரு மணி நேர 1080 வீடியோவுக்குப் புரோரெஸ் எல்டி சுமார் 38 ஜிபி, 422 சுமார் 55 ஜிபி, எச்க்யூ சுமார் 83 ஜிபி பிடிக்கும். அதுவே 4கே என்றால் 422க்கு 220 ஜிபியைத் தாண்டும். டிவிடி அளவிலேயே வைத்தால் 422இல் மணிக்குச் சுமார் 18 ஜிபி. டிஎன்எக்ஸ்எச்ஆரும் ஏறத்தாழ இதே வரிசைதான்.

இந்த எண்களைப் பார்த்ததும் புதிய ஹார்ட் டிஸ்க் வாங்க ஓடாதீர்கள். கையில் இருக்கும் எல்லாவற்றையும் மாற்றவேண்டும் என்று யார் சொன்னது? முதலில் ஒரு பிளேயரில் ஓடவிட்டுப் பார்த்து, எடிட்டிங்குக்கு வரும் பகுதிகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரக் கல்யாண டிவிடியில் நமக்கு வேண்டியது இருபது நிமிடம்தான். பந்தியில் சாம்பார் ஊற்றும் காட்சி நாற்பது நிமிடம் இருக்கும். அதைப் புரோரெஸில் வைத்து என்ன செய்வது? ஷட்டர் என்கோடரில் தொடக்கத்தையும் முடிவையும் குறித்து அந்தப் பகுதியை மட்டும் மாற்றலாம்.

வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கத்தான் வேண்டும் என்றால் இரண்டு எச்சரிக்கைகள். பழைய டிஸ்கோ பென் டிரைவோ ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு நிற்காது. 1080 புரோரெஸ் 422 அதை ஐந்து நிமிடத்துக்குள் எட்டிவிடும். மாற்றம் பாதியில் நின்று, காரணம் புரியாமல் விழிப்பீர்கள். எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றுங்கள். மாற்றினால் உள்ளே இருப்பவை அழியும் என்பதால் முன்பே நகல் எடுத்துவிடுங்கள். அடுத்தது வேகம். 4கே புரோரெஸ் 422 தடையின்றி ஓட நொடிக்கு 60 எம்பிக்கு மேல் வேண்டும். யுஎஸ்பி 2 இணைப்பு பெரும்பாலும் அதில் பாதியைத்தான் தரும். 1080 என்றால் 15 எம்பி போதும், கவலையில்லை.

நேரத்துக்கு ஒரு எளிய வழி: ஒரு நிமிடத் துண்டை மாற்றிப் பார்த்து, ஆன நேரத்தை மொத்த நிமிடங்களால் பெருக்குங்கள். எச்.265 கோப்புக்கும் டிவிடி கோப்புக்கும் தனித்தனியாகச் சோதியுங்கள். இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போவதானால் கணினி தானாகத் தூங்கிவிடாமல் அமைப்பை மாற்றிவிட்டுப் போங்கள்.

6. மாற்றும்போதே கோளாறுகளைத் தீருங்கள்

இடைநிலைக் கோப்பு என்பது வெறும் பெரிய கோப்பு அல்ல. எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரும் இடம். இங்கே செய்யாமல் விட்டதை எடிட்டிங்கில் நூறு துண்டுகளில் தனித்தனியாகச் செய்யவேண்டி வரும்.

ஃப்ரேம் வேகம். கைப்பேசி வெளிச்சத்துக்கும் தன் வேலைப் பளுவுக்கும் ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். எடிட்டிங் மென்பொருளில் சில, வேகம் நிலையானது என்று நம்பிவிடும். படம் ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம் போகும். முதல் நிமிடத்தில் தெரியாது, பத்தாம் நிமிடத்தில் கெட்டிமேளம் முடிந்த பிறகு தாலி கட்டுவார்கள். ஆகவே மாற்றும்போது நிலையான வேகத்தைக் கட்டாயமாக்குங்கள். எந்த வேகம்? உங்கள் தொகுப்பில் எது அதிகமோ அது. டிவிடிதான் பெரும்பகுதி என்றால் 25, கைப்பேசிதான் பெரும்பகுதி என்றால் 30. 30ஐ 25 ஆக்கினால் ஆறு ஃப்ரேமில் ஒன்று போகும். கேமரா பக்கவாட்டில் நகரும் இடங்களில் லேசாகத் துள்ளும். அதைச் சகித்துக்கொள்ளலாம். துள்ளலைப் போக்க இடை ஃப்ரேம்களைக் கணித்து உருவாக்கும் வசதியைத் தேடிப் போகாதீர்கள். அட்சதை தூவும் காட்சியில் அரிசி காற்றில் கரைவதையும் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதையும் பார்க்க நேரும்.

இன்டர்லேஸ். டிவிடியில் ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு பாதிகளால் ஆனது. ஒற்றை வரிகள் ஒரு கணத்திலும் இரட்டை வரிகள் அடுத்த கணத்திலும் எடுக்கப்பட்டவை. சீப்புக் கோடுகளின் காரணம் இதுதான். மாற்றும்போதே 'டீஇன்டர்லேஸ்' (பாதிகளை முழு ஃப்ரேம்களாக்குவது) செய்துவிடுங்கள். 'யாடிஃப்', 'பிடபிள்யூடிஃப்' என்று இரண்டு வழிகள் கிடைக்கும். இரண்டாவது சற்று மேல். இங்கே கவனிக்க வேண்டியது எந்தப் பாதி முதலில் என்பது. டிவிடியில் பெரும்பாலும் மேல்பாதி முதல், மினி டிவி டேப்பில் கீழ்பாதி முதல். தலைகீழாகப் போட்டால் நடப்பவர்கள் முன்னே ஓரடி பின்னே அரையடி வைப்பதுபோல் உதறுவார்கள். இன்னொன்று: டீஇன்டர்லேஸ் செய்வதற்கு முன் அளவை மாற்றவே கூடாது. கோடுகள் படத்தோடு கலந்துவிட்டால் பிறகு எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது.

உருவ விகிதம். 720க்கு 576 என்பது சேமிக்கும் அளவு. காட்டும் அளவு 4:3. 1080 சட்டத்தில் அது 1440 அகலமாக, இருபுறமும் கறுப்புப் பட்டையோடு உட்காரவேண்டும். சட்டம் நிறையவேண்டும் என்று இழுத்தால், அன்று ஒல்லியாக இருந்த சித்தப்பா கூடக் குண்டாகிவிடுவார். நான் அளவை இடைநிலையில் மாற்றாமல் அப்படியே விட்டு, பெரிதாக்குவதை எடிட்டிங்கில் செய்வதையே விரும்புகிறேன். இடமும் மிச்சம்.

எச்டிஆர். ஐபோன் எச்எல்ஜி வீடியோவைச் சாதாரணத் தொகுப்பில் போட்டால் வெளிறியோ கண் கூசும்படியோ தெரியும். அதை 10 பிட்டிலேயே மாற்றி, கோப்புப் பெயரில் 'எச்எல்ஜி' என்று குறித்துவிட்டு, எடிட்டிங்கில் வண்ண இடத்தை (கலர் ஸ்பேஸ், நிறங்களைக் குறிக்கும் முறை) மாற்றுங்கள். ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே அதற்கான கருவி உண்டு. இனிமேல்தான் எடுக்கப் போகிறார்கள் என்றால், கேமரா அமைப்பில் எச்டிஆர் வீடியோவை அணைக்கச் சொல்வது இதைவிட ஆயிரம் மடங்கு எளிது.

ஒலி. சுருக்கப்படாத பிசிஎம், 48 கிலோஹெர்ட்ஸ். எல்லாக் கோப்புக்கும் இதுவே. ஸ்டீரியோ என்றால் மணிக்கு ஒரு ஜிபிகூட ஆகாது, இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

7. எடிட்டிங்குக்கு முன் சோதியுங்கள்

மாற்றிய கோப்பின் முதல் நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். கடைசி நிமிடத்தைப் பாருங்கள். ஒலி நழுவியிருந்தால் அங்கேதான் தெரியும். தவில்காரர் குச்சியை வைத்துப் பார்ப்பது என் வழக்கம்: அடி விழுவதும் சத்தம் வருவதும் ஒன்றாக இருக்கவேண்டும். தவில் இல்லாத காட்சியில் பேசுபவரின் உதடு.

மூலத்தையும் மாற்றியதையும் அருகருகே வைத்துக் கறுப்பு நிறத்தை ஒப்பிடுங்கள். பட்டு வேட்டியின் வெள்ளை எரிந்துபோயோ, தலைமுடியின் கறுப்பு சாம்பலாகவோ இருந்தால், 16 முதல் 235 வரையிலான வண்ண எல்லையும் 0 முதல் 255 வரையிலான எல்லையும் எங்கோ குழம்பியிருக்கிறது. செங்குத்தாக எடுத்தவை படுத்துக் கிடக்கின்றனவா என்பதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

8. இறுதி வெளியீடு

எடிட்டிங் முடிந்ததும் மென்பொருளிலிருந்து மறுபடியும் அதே இடைநிலைக் கோடெக்கில் ஒரு முழு நகல் எடுங்கள். இதுதான் உங்கள் மாஸ்டர். இதிலிருந்து வேண்டிய வடிவங்களை ஹேண்ட்பிரேக்கில் உருவாக்கலாம்: எச்.264, எம்பி4, ஒலிக்கு ஏஏசி. தரத்துக்கான எண்ணை 18 முதல் 20க்குள் வையுங்கள். எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும்.

இங்கே ஒரு பெரிய பொறி. புரோரெஸ் 422 அல்லது எச்க்யூஎக்ஸ் மாஸ்டர் 10 பிட், 4:2:2 (இந்த எண்கள் நிற விவரம் எவ்வளவு சேமிக்கப்படுகிறது என்பதைக் குறிப்பவை; 4:2:0 என்றால் அது குறைவு). சில மென்பொருள்கள் அதைப் பார்த்து இறுதி எச்.264 கோப்பையும் 10 பிட், 4:2:2 ஆகவே எழுதிவிடும். உங்கள் கணினியில் அழகாக ஓடும். தொலைக்காட்சியில் போட்டால் ஒலி மட்டும் வரும், அல்லது அதுவும் வராது. எஃப்எஃப்எம்பெக்கை நேரடியாகப் பயன்படுத்துபவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இதில்தான். 8 பிட், 4:2:0 என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். முடிந்த கோப்பை மீடியாஇன்ஃபோவில் ஒருமுறை பாருங்கள்.

மண்டபத்தில் எல்இடி திரையில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் அந்த ஆபரேட்டரிடம் முன்கூட்டியே என்ன வடிவம் வேண்டும் என்று கேளுங்கள். பென் டிரைவ் ஃபேட்32 ஆக இருந்தால் கோப்பு 4 ஜிபிக்குள் அடங்கவேண்டும். முடிந்தால் முந்தின நாள் மாலை அதே திரையில், அதே ஒலிபெருக்கியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முகூர்த்தத்துக்கு அரைமணி முன்பு கோப்பு திறக்கவில்லை என்றால் அங்கே யாருக்கும் கோடெக் பற்றிக் கேட்கப் பொறுமை இருக்காது.

9. எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது

மூலக் கோப்புகள், எடிட்டிங் புராஜெக்ட் கோப்பு, மாஸ்டர், இறுதி எம்பி4 ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வெவ்வேறு டிஸ்குகளில் இருந்தால் நிம்மதி. இடைநிலைக் கோப்புகளை அழித்துவிடலாம். மூன்றாம் படியில் எழுதிய தாள் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் மறுபடி உருவாக்கிக்கொள்ள முடியும்.

ஆனால் விழா முடிந்த அன்றே அழித்துவிடாதீர்கள். குடும்பக் குழுவில் வீடியோ போன பிறகுதான் ஒன்றுவிட்ட பெரியப்பா தன் பெயரில் எழுத்துப்பிழை இருப்பதைக் கண்டுபிடிப்பார், இன்னொருவர் தன் மகள் ஒரு ஃப்ரேமில்கூட இல்லை என்று குறைப்படுவார். அவற்றையும் திருத்தி அனுப்பிய பிறகு டிஸ்கைக் காலி செய்யுங்கள்.